பிடித்தம்

தங்கசாலைத் தெரு, பாத்திரக் கடைக்கு மேல் மாடி,
அறக்கட்டளை ஆபீஸ்.
ஒரே ஒரு மின்விசிறி. அதைப் போட்டால்
பிரமாதி வருஷத்துத் தாள்கள் பறக்கின்றன.
நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்,
தணிக்கை உதவியாளர் ஜெசிந்தா,
காசிமேட்டுக்காரி,
கழுத்து வியர்வை பேரேட்டில் சொட்டாமல்
கர்சீப்பால் ஒற்றியபடி.

சுவரில் மாசிலாமணிச் செட்டியார்.
சிவப்புக் கடுக்கன்,
வரைந்தவன் பயந்து பயந்து வளர்த்த மீசை.
இரவல் படகு ஒன்றோடு தொடங்கியவராம்,
நாற்பது வயதில் நாற்பது படகாம்.
தாது வருஷப் பஞ்சத்தில்
எட்டு மாதம் கஞ்சி வார்த்தவராம்.
மேனேஜர் பட்டாபி இதைச் சொல்லும்போதெல்லாம்
செருப்பைக் கழற்றிவிடுகிறார்.

இந்தப் பக்கத்துத் தெருக்கள்
செட்டி, முதலி, நாயக்கன், மரைக்காயர் என்று
கொடுத்தவர் பெயரில்தான் திரும்புகின்றன.
ஆட்டோக்காரர்கள் பாதியை விழுங்கிவிட்டார்கள்.
மீதிப் பாதிக்கு
கடிதங்கள் இன்னும் சரியாக வந்து சேர்கின்றன.

பக்கம் இருநூற்றுப் பதினொன்று.
ஐப்பசி.
கப்பல் தூரத்தில் நிற்க, கயிற்றால் தைத்த படகுகள்
அலை தாண்டிப் போய்த் துணிப்பொதி ஏற்றி
அலை தாண்டி வந்த மாதம்.
அழகான கையெழுத்து:

நனைந்த பொதிக்குப் பிடித்தம்.
சவரிமுத்து, மூன்றணா.
கருத்தகண்ணு, மூன்றணா.
மறுபடி சவரிமுத்து, ஆறணா.
லாசர், இறந்துவிட்டபடியால்
தம்பி பேரில் மூன்றணா.

மழைக்கு யாரும் பிடித்தம் போடவில்லை.
கடலின் பேரில் பற்று இல்லை.

வருஷக் கடைசியில் கூட்டியிருக்கிறார்கள்:
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்
ஏழணா மூன்று பை.
தாளைத் திருப்பினால் தர்மச் செலவு.
ஏழைப் பெண்டுகள் பிரசவ விடுதிக்கு
இரும்புக் கட்டில் பதினாறு, நானூறு.
பெயர் பொறித்த கல்லுக்கு, கொத்தன் கூலி சேர்த்து,
பன்னிரண்டு ரூபாய் ஏழணா.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.
அந்தத் தாள் மெல்லியது.
இந்தப் பக்கத்து மை அந்தப் பக்கம் தெரிகிறது.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.
ஒன்பதாம் நம்பர் கட்டிலில் பிறந்தவள் நான்.
பச்சைப் பெயின்ட் உரிந்த கட்டில்.
மழை நாள். கல்மண்டபத்தில் இடுப்பளவுத் தண்ணீர்.
அம்மாவை மீன்வண்டியில் உட்காரவைத்துத்
தள்ளிக்கொண்டு போனார்களாம்.
காசு கேட்கவில்லை.
உயில் பிரகாரம் ஒரு படி அரிசி, ஒரு துண்டு.
அம்மாவுக்கு அந்தக் கல்லைப் படிக்கத் தெரியாது.
அதன்மேல் ஈரப் புடவையைக் காயப்போட்டாள்.

திருடன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.
வள்ளல் என்று எழுதவும்.
படிவத்தில் இரண்டுக்கும் கட்டம் இல்லை என்பது
எவ்வளவு பெரிய சௌகரியம்.

கீழே கண்டெய்னர் லாரி ஒன்று
முடியாத சந்தில் திரும்பப் பார்க்கிறது.
எவர்சில்வர் அண்டாக்கள் அதிர்கின்றன.
செட்டியாரும் கொஞ்சம் அதிர்ந்து
ஆணியில் ஒரு பக்கம் சாய்கிறார்.

டீ வருகிறது.
"கணக்கு டேலி ஆகுதாம்மா?"
"மூணு பை இடிக்குது சார்."
"என்னது?"
"நானூத்திப் பன்னிரண்டு, ஏழணா, மூணு பை புடிச்சிருக்காங்க.
கட்டிலுக்கும் கல்லுக்கும் போக
மூணு பை எங்கேன்னு இல்ல."
பட்டாபி சிரிக்கிறார். டீ சிந்துகிறது.
"நூத்தி நாப்பது வருஷம் கழிச்சு
மூணு பைக்கு ஒரு பத்தி எழுதப்போறியா?"

எழுதிக்கொண்டிருந்தேன்.
நிமிராமல் சொன்னேன்:
"ஐயா எழுதியிருக்காரே சார்.
மூணு அணாவுக்கு,
செத்துப்போன லாசருக்கு,
தனியா ஒரு வரி."